ஆனிக்குள் நாலு சாவி

28.6, சனி

காலையிலிருந்தே மூடாக்கு. தூறல்கூட இல்லை, வெறும் புழுக்கம். மோட்டார் போட்டேன், காற்றுதான் வந்தது. குழாயில் தண்ணீர் ஊற்றி மறுபடி போட்டேன்.

புரோக்கர் ஏழுமலை வந்து சந்துக் கேட்டில் அட்டையைக் கட்டிவிட்டுப் போனார். "லைன் வீடு விற்பனைக்கு. நாலு போர்ஷன்." கட்டிய கயிறு என்னுடையது. துணி காயப்போட வைத்திருந்தது.

யார் யார் குடியிருக்கிறார்கள் என்று எழுதிக் கேட்டார். கொடுத்ததன் நகல்:

போர்ஷன் 1: தெரு வாசல். நான். ஆள் 1.

போர்ஷன் 2: ஷமீம், வீட்டுக்காரர், பிள்ளைகள் இரண்டு. பஸ் ஸ்டாண்டு பக்கம் தள்ளுவண்டியில் பிரியாணி. ஆள் 4.

போர்ஷன் 3: அரிசி ஆலையில் வேலை பார்க்கும் ஒடிசா ஆட்கள். 5. (சில நாள் 7. கேட்டால் 5 என்பார்கள்.)

போர்ஷன் 4: பவித்ரா, வீட்டுக்காரன் கோவிந்தன். வெள்ளிமலைப் பக்கம். மரவள்ளி லோடு வண்டி ஓட்டுகிறான். ஆள் 2. அவளுக்கு ஏழாவது மாதம்.

2, 3, 4 மூன்றுக்கும் சந்துக் கேட் வழி. எனக்குத் தெரு வழி.

மொத்தம் 12. சத்துணவுக் கூடத்தில் முப்பது வருஷம் தலை எண்ணிய கை, ரிட்டயர் ஆகியும் நிற்கவில்லை. ஊர் என்னை டீச்சர் என்கிறது. டீச்சர் இல்லை, அமைப்பாளர் என்று திருத்தித் திருத்தி அலுத்துப்போய் விட்டுவிட்டேன்.

மதியம்: கத்தரிக்காய்க் குழம்பு. உப்பு ஜாஸ்தி.

30.6, திங்கள்

முதல் பார்ட்டி. வெள்ளைச் சட்டைக்காரர், மகனோடு. சுவரைத் தட்டிப் பார்த்தார். ஷமீம் வீட்டுத் தாளிப்பு வாசனைக்கு மூக்கைத் தூக்கினார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சுத்துப்பட்டுல யாரு யாருங்க இருக்காங்க?"

எதற்குக் கேட்கிறார் என்று தெரியாதா. "எதுத்த வூட்டுல ஒரு நாய் இருக்குது, அது கடிக்கும். மத்தவங்க யாரும் கடிக்க மாட்டாங்க" என்றேன்.

போய்விட்டார். ஏழுமலைக்குக் கோபம். "டீச்சர், இப்பிடிப் பேசினா பத்து வருசம் ஆனாலும் விக்காது." விற்காவிட்டால் போகட்டும் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

ஏன் விற்கிறேன் என்று ஷமீம் கேட்டாள். முட்டி வலி, செப்டிக் டேங்க், தம்பி. மூன்றும் உண்மை. "கல்யாணமும் இல்ல, காட்சியும் இல்ல, தனியாக் கெடந்து இன்னாக்கா பண்ணப் போற, வித்துட்டு சென்னைக்கு வந்துடு" என்று தம்பி இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். அவனுக்கும் பாதி உண்டு இதில். தப்பாகக் கேட்கவில்லை.

2.7, புதன்

இரண்டாவது பார்ட்டி. பிடித்துவிட்டது அவர்களுக்கு.

தியாகதுருகத்து அம்மாள், பெயர் அம்சவல்லி. மளிகைக் கடை வைத்திருக்கிறார். என்னைவிட நாலைந்து வயது கம்மி இருக்கும், பேச்சில் பத்து வயது ஜாஸ்தி. கிணற்றடி இல்லை, போர்தான் என்றதும் தானே சுவிட்சைப் போட்டுத் தண்ணீர் வருகிறதா என்று பார்த்தார். நல்ல வேளை, வந்தது.

பேச்சு நேர்ப்பேச்சு. "எனக்கும் பெரிய மருமவளுக்கும் ஒரே அடுப்பு ஆவலங்க. ஆளுக்கு ஒரு கதவு வேணும். ஆனி முடியறதுக்குள்ள பால் காச்சிடணும். ஆடியில நான் எதையும் தொட மாட்டேன். ஆவணி வரைக்கும் ஒரே வூட்ல இருந்தா எங்கள்ல ஒருத்தி ஜெயிலுக்குப் போயிடுவோம்."

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"நாலு போர்ஷனும் காலியா வேணும். நாலு சாவியும் ஒரே கொத்தா என் கையில குடுங்க. இல்லன்னா ரிஷிவந்தியம் போற ரோட்ல ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன், அதுக்குப் போயிடுவேன்."

பதிவு 14 திங்கள். பால் 16 புதன், ஆனி கடைசி நாள். 17 ஆடி பிறப்பு. சரி என்று சொல்லிவிட்டேன்.

3.7, வியாழன்

சொல்லியாயிற்று, மூன்று வீட்டுக்கும்.

ஒடிசா ஆட்களில் தமிழ் பேசுகிறவன்: "போவோம்மா. எத்தன நாள்?" அவ்வளவுதான். ஆலைக் கொட்டகையிலேயே தங்க இடம் இருக்கிறதாம்.

ஷமீம் அரை மணி அழுதாள். மதியத்துக்குள் பள்ளிவாசல் தெருவில் வீடு பிடித்துவிட்டாள். அழுகைக்கும் கெட்டி, வேலைக்கும் கெட்டி.

பவித்ரா கேட்டுக்கொண்டாள், துடைப்பத்தை எடுத்துச் சந்து முழுக்கப் பெருக்கினாள். காலையில்தான் பெருக்கியிருந்தாள்.

5.7, சனி

வெயில். முட்டி தேவலை.

கோவிந்தன் நேற்று முழுக்க வீடு தேடியிருக்கிறான். வாசலில் நின்றே சொன்னான். உட்கார் என்றாலும் உட்காரவில்லை.

"மூணு எடத்துல கேட்டேன் டீச்சர். ஒருத்தரு எந்த ஊருன்னாரு. மலன்னேன். வாடகைக்கு உடலன்னுட்டாரு. இன்னொருத்தரு, புள்ள பொறந்து தீட்டுக் கழிஞ்சி வாங்கன்றாரு. மூணாவது வூட்டம்மா நல்லவங்க. ஆவணியில வான்னாங்க."

"அதுவரைக்கும்?"

"அதத்தான் நானும் யோசிச்சிக்கினு கீறன்."

ஒரு டம்ளர் மோர் கொடுத்தேன். மோர் கொடுத்து என்ன ஆகும்.

6.7, ஞாயிறு

யோசனை வந்துவிட்டது. என் யோசனைதான், யார்மேலும் போட முடியாது.

வாயும் வயிறுமாக இருக்கிறவளைக் காலி பண்ணு என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் வளைகாப்பு? ஏழாம் மாதம் போடலாம். வளையல் அடுக்கினால் பெண் அன்றைக்கே தாய் வீட்டுக்குக் கிளம்பியாக வேண்டும். கிளம்பினால் குழந்தையோடுதான் திரும்புவாள். யாரும் யாரையும் துரத்தியதாகாது. நாலு பேர் சாப்பிட்டு, வாழ்த்தி, மரியாதையாக அனுப்பி வைத்ததாக ஆகும். கோவிந்தன் ஒண்டி ஆள், வண்டியிலேயே படுத்துக்கொள்வான். சாமான் என்று பார்த்தால் ஒரு கட்டில், ஒரு மிக்சி, இரண்டு பெட்டி.

பாம்புக்கும் நோகாமல் கம்புக்கும் நோகாமல்.

நாள் பார்த்தேன். 13 ஞாயிறு நல்ல நாள்.

சாயந்திரம் போய்ச் சொன்னேன். அவள், "எனக்கா டீச்சர்?"

"பின்ன, எனக்கா? வயித்த வெச்சிக்கினு நிக்கிறது யாரு?"

இந்த வீட்டுக்கு வந்து எட்டு மாதத்தில் இன்றைக்குத்தான் அவள் பல் தெரியச் சிரித்துப் பார்த்தேன். "எங்க வூட்ல இதுக்கெல்லாம் வசதி கெடையாதுங்க" என்றாள். வசதியை நான் பார்த்துக்கொள்கிறேன், அம்மாவை மட்டும் வரச் சொல் என்றேன்.

படியிறங்கும்போது மனசு கொஞ்சம் குத்தியது. கொஞ்சம்தான்.

8.7, செவ்வாய்

ஷமீமிடம் சொன்னதும் மூட்டை கட்டுகிற வேலையைப் போட்டுவிட்டு வளையல் கடைக்குப் போய்விட்டாள். பச்சை, சிவப்பு, ஆறு டஜன். உண்மைக் காரணத்தை அவளிடம் சொல்லவில்லை.

என் மூட்டை: பித்தளைப் பாத்திரம் ஒரு சாக்கு. புடவைப் பெட்டி. பழைய வருகைப் பதிவேடு ஒன்று எப்படியோ என்னிடமே தங்கிவிட்டது, அதைப் பழைய பேப்பரில் போட மனசு வரவில்லை. உரலை எடுத்துப் போக முடியாது. தம்பி, "இங்க மிக்சி இருக்குதுக்கா" என்றான். எனக்குத் தெரியாதா மிக்சி இருக்கும் என்று.

10.7, வியாழன்

லேசான மழை, பத்து நிமிஷம்.

ஒடிசா ஆட்கள் போய்விட்டார்கள். ஐந்து பை, ஒரு ஸ்டவ், ஒரு சாமி படம். வந்து நின்ற ஆட்டோ ஹாரன் அடிப்பதற்குள் முடிந்தது. தரையைத் தண்ணீர் விட்டுக் கழுவி விட்டுப் போயிருக்கிறார்கள். பதினோரு வருஷத்தில் அந்தப் போர்ஷனை யாரும் கழுவிக் கொடுத்ததில்லை.

சாவி 1 வந்தது.

11.7, வெள்ளி

ஜும்மா முடிந்து ஷமீம் வீடு மாறினாள். இரண்டு தெரு தள்ளித்தான். அதற்கு ஒரு அழுகை. பிரியாணி அண்டாவை உருட்டிக்கொண்டே போனார் வீட்டுக்காரர், தெரு முழுக்கச் சத்தம்.

சாவி 2.

தம்பி போன் செய்தான். எனக்கு இடம் ஒதுக்கிவிட்டார்களாம். ஹாலில், பிரிட்ஜுக்குப் பக்கத்தில், மடக்குக் கட்டில். பகலில் மடித்துவிடலாம், இடம் அடைக்காது என்றான். கட்டிலைச் சொன்னான். நான் என்னைச் சொன்னதாகக் கேட்டுக்கொண்டேன்.

எனக்குச் சென்னை பயம். இதை யாரிடமும் சொல்லவில்லை, இங்கே எழுதிவிட்டேன்.

12.7, சனி

நாளைக்கு நாற்பது பேர்.

புளிச்சோறு 2 கிலோ
எலுமிச்சைச் சோறு 2
தயிர்ச் சோறு 1½
சர்க்கரைப் பொங்கல் 1
வடாம், ஊறுகாய்
தேங்காய் 7, வெற்றிலை 2 கவுளி, மஞ்சள், சந்தனம், வேப்பிலை (வேப்பங்காப்பு முதலில் போட வேண்டும்)

இருநூறு பிள்ளைகளுக்குச் சமைத்தவள், நாற்பது ஒன்றும் இல்லை. மூட்டை கட்டின பித்தளைப் பாத்திரத்தை அவிழ்த்தாயிற்று.

அம்சவல்லிக்குச் செய்தி அனுப்பினேன்: ஞாயிறு மாலைக்குள் நாலாவது போர்ஷனும் காலி. அவர் பதில்: சரி. வேறு ஒரு எழுத்தும் இல்லை.

13.7, ஞாயிறு

எழுதுவதற்கு முன்: புளிச்சோறு மிச்சமே இல்லை. தயிர்ச்சோறு கொஞ்சம் மிச்சம்.

இனி நடந்தது.

பவித்ராவின் அம்மா காலை முதல் பஸ்ஸில் மலையிலிருந்து இறங்கிவிட்டாள். ஒல்லி, நாற்பத்தைந்துகூட இருக்காது. தலையில் பலாப்பழம், கையில் ஒரு பை சாமை அரிசி. "இந்தாங்கக்கா" என்று என் காலடியில் வைத்தாள். மகளுக்கென்று தனியாக ஒன்றும் இல்லை, எல்லாம் எனக்கு.

பத்து மணிக்கு மணையில் உட்காரவைத்தோம். ஷமீம் தலை பின்னிவிட்டு, பூ வைத்ததில் பெண் ஆளே மாறியிருந்தாள். நான் சந்தனம் பூசப் போகவில்லை. கல்யாணம் ஆகாதவள் முன்னால் நிற்கக் கூடாது, முறை தெரியும். சோற்றுக் குண்டானுக்குப் பக்கத்தில் நின்றேன்.

வளையல் போட அந்நேரத்துக்கு வந்திருந்த சுமங்கலிகளை எண்ணினால் எட்டுப் பேர். ஒற்றைப்படை வேண்டும். ஷமீமைச் சேர்த்துத்தான் எட்டு. எதிர் வீட்டம்மாளுக்கு இன்றைக்குத் தீட்டு. ஒருத்தி குறைகிறதே என்று ஆளாளுக்குத் தெருவைப் பார்த்தபோது, சந்துக் கேட்டைத் திறந்துகொண்டு அம்சவல்லி. புதுக் கேட்டுக்கு அளவெடுக்க இன்ச் டேப்போடு வந்திருக்கிறார்.

ஷமீம் விடுவாளா. "வாங்கக்கா வாங்க, சரியான நேரத்துக்கு வந்தீங்க, ஒம்பதாவது ஆளு நீங்கதான்." இன்ச் டேப்பை வாங்கி ஜன்னலில் வைத்துவிட்டு, கையில் வளையலைக் கொடுத்துவிட்டாள். அவர் மறுக்கவில்லை. கன்னத்தில் சந்தனம் தடவி, வளையல் போட்டு, அட்சதை தூவி, "நல்லபடியா பெத்துப் பொழைக்கணும்" என்றார். குரல்கூட இளகியிருந்தது.

சாப்பாடு முடிந்தது. அம்சவல்லி இரண்டு தடவை புளிச்சோறு வாங்கிக்கொண்டார்.

நான் பவித்ராவின் அம்மாவிடம் போனேன். "மூணு மணிக்கு வெள்ளிமலை பஸ் இருக்குது. ஆட்டோ சொல்லி வெச்சிட்டேன்" என்றேன். எவ்வளவு அக்கறை பாருங்கள்.

அவள் என்னைப் பார்த்தாள். "மலைக்கு எதுக்குக்கா?"

"தாய் வூட்டுக்கு அனுப்பணும் இல்ல."

"எங்க ஊருக்கு பஸ்ஸு வராது. எறங்கி எட்டு மைலு நடக்கணும். போன வருசம் எங்க நாத்தனார் மவளுக்கு வலி எடுத்து, டோலி கட்டித் தூக்கிக்கினு வந்தோம். வழியிலயே பொறந்துருச்சு. அது பொழச்சிக்கிச்சு. எல்லாம் அப்பிடிப் பொழைக்காது." நாத்து நட்ட கதையைச் சொல்வது மாதிரி சொன்னாள். "அதுக்குத்தான இதுவள இந்தக் கல்லக்குறிச்சியில குடி வெச்சோம்."

ஒரு வாரமாக நாள் பார்த்தேன், வளையல் பார்த்தேன், புளி பார்த்தேன். இந்தப் பெண்ணை எங்கே அனுப்புகிறோம் என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. போர்ஷன் காலியாவதைத்தான் யோசித்தேன். வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

"வளையல் போட்டுட்டு புருசன் வூட்ல இருக்கக் கூடாதேம்மா" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

"இருக்க மாட்டா" என்றாள் பவித்ராவின் அம்மா. மகள் கையைப் பிடித்து எழுப்பினாள். சந்துக் கேட்டைத் தாண்டித் தெருவுக்குப் போனார்கள். எங்கே போகிறார்கள் என்று எல்லோரும் பின்னால் போனோம். சுற்றிக்கொண்டு வந்து என் தெரு வாசலில் நின்றாள்.

"தாய் வூடுன்னா ஆஸ்பத்திரிக்குக் கிட்ட இருக்கணும். வளகாப்பு செய்ய எனக்கு வக்கு இல்லக்கா. பெத்தவ செய்யறத நீங்க செஞ்சீங்க. அப்ப இதான் தாய் வூடு. நான் சொல்றது தப்பா?"

யாரும் சொல்லாமலே ஷமீம் ஆரத்தி கரைத்துக்கொண்டு வந்துவிட்டாள். பெண் வலது காலை எடுத்து வைத்து என் வீட்டுக்குள் போனாள். கை நிறைய வளையல், நடக்க நடக்கச் சத்தம்.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன்.

கோவிந்தன் போர்ஷன் 4 சாவியைக் கொண்டுவந்து நீட்டினான். சாவி 3. அந்த போர்ஷன் காலிதான், சொன்ன சொல் தவறவில்லை. காலியாகாதது என் போர்ஷன்.

அம்சவல்லி தெருவிலேயே நின்றார். கூட்டம் கலைந்த பிறகு, சந்தனம் பூசிய கையைக் காட்டி, "இந்தக் கையால வளையல் போட்டுட்டு, இதே கையால வெளிய போன்னு சொல்றதா? எனக்கும் பேரன் பேத்தி இருக்குது டீச்சர். பிரசவத்துக்கு வந்த பொண்ண அனுப்பிட்டு அந்த வூட்ல நான் பால் காச்ச மாட்டேன்" என்றார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். "விக்க இஷ்டமில்லன்னா நேரா சொல்லி இருக்கலாம். இத்தன சாமர்த்தியம் எதுக்கு?"

"சத்தியமா நான் இதுக்குச் செய்யல" என்றேன். உண்மைதான். நேர் எதிராகத்தான் செய்தேன். அதை எப்படி விளக்குவது.

இன்ச் டேப்பை மறந்துவிட்டுப் போய்விட்டார்.

14.7, திங்கள்

பதிவு இல்லை. ஏழுமலை வந்து வாசலிலேயே, "ரிஷிவந்தியம் ரோட்டு வூட்டுக்குப் போயிட்டாங்க டீச்சர். பத்திரத்துக்கு இன்னிக்கே பேர் குடுத்துட்டாங்க" என்றார். கேட்டிலிருந்து அட்டையை அவிழ்த்தார். கயிற்றை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

பவித்ராவின் அம்மா காலை பஸ்ஸுக்குப் போய்விட்டாள். களை எடுக்கக் கூலி பேசியிருக்கிறாளாம். போகும்போது என்னிடம், "உப்பு கம்மியாக் குடுங்கக்கா, கால் வீங்குது" என்று மட்டும் சொன்னாள். தெரு திரும்பும்வரை மகளைத் திரும்பிப் பார்க்கவில்லை. திருப்பத்தில் நின்று மூக்கைச் சிந்தியதைப் பார்த்தேன்.

மதியம் என்னை அறியாமல் ஒரு ஆழாக்கு அரிசிதான் போட்டேன். பிறகு இன்னொன்று போட்டேன். சாமையும் கொஞ்சம்.

உப்பு கம்மி. எனக்கும் அதுவே நல்லது என்று டாக்டர் சொல்லி மூன்று வருஷம் ஆகிறது.

15.7, செவ்வாய்

நல்ல காற்று. ஆடிக்காற்று முந்திக்கொண்டது.

ஷமீம் வந்தாள். புது வீட்டுத் தண்ணீர் உப்பாம், பிரியாணிக்கு ஆகவில்லையாம். "அந்தப் போர்ஷன யாருக்கும் சொல்லிடலயே டீச்சர்?" ஆடியில் குடி வரலாமா என்று கேட்டேன். "எங்களுக்கு ஏது ஆடி" என்றாள். அதுவும் சரிதான். சாவியை எடுத்துக்கொண்டு போனாள்.

பவித்ரா என் அரிவாள்மனையில் பலாப்பழத்தை அறுக்க உட்கார்ந்தாள். கீழே உட்காராதே என்று அதட்டினேன். கையில் எண்ணெய் தடவாமல் தொடாதே என்று இன்னொரு அதட்டு. அவளுக்குச் சொல்லவே வேண்டாம், பலா ஊர்க்காரி. சிரித்துக்கொண்டு சுளையை எடுத்து நீட்டினாள்.

கட்டிலை அவளுக்குக் கொடுத்துவிட்டேன். எனக்குப் பாய். முட்டிக்குப் பாய்தான் நல்லது என்று அவளிடம் சொன்னேன். பொய். எழுந்திருக்கவே ஐந்து நிமிஷம் ஆகிறது.

தம்பிக்கு இன்னும் சொல்லவில்லை.

16.7, புதன்

ஆனி கடைசி. விடிந்ததும் வெயில். அம்சவல்லி இந்நேரம் ரிஷிவந்தியம் ரோட்டில் அடுப்பு மூட்டியிருப்பார். மருமகளோடு ஜெயிலுக்குப் போகாமல் நன்றாக இருக்கட்டும். இன்ச் டேப்பை ஏழுமலையிடம் கொடுத்தனுப்ப வேண்டும்.

ஆறரைக்குப் பால் வாங்கி வந்து அடுப்பில் வைத்தேன். ஒரு லிட்டர். எனக்குக் கால் லிட்டர் போதும், முப்பது வருஷமாக அதுதான்.

தம்பி போன். "இன்னாக்கா, இன்னிக்குப் பால் காச்சறாங்களா? நீ எப்ப பஸ் ஏர்ற?"

"யாரும் வரல. வூடு விக்கல."

"ஏன்? இன்னா ஆச்சு?"

"பொண்ணு பிரசவத்துக்கு வந்துருக்குது. பெத்து, அஞ்சு மாசம் ஆவாம அனுப்ப முடியாது. அப்பால பேசிக்கலாம்."

"எந்தப் பொண்ணு? யாரு வூட்டுப் பொண்ணு?"

உள்ளேயிருந்து வளையல் சத்தம். "டீச்சர், பாலு" என்று பவித்ரா கூப்பிட்டாள். திரும்பிப் பார்ப்பதற்குள் நுரை ஏறி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது.

"பால் பொங்கிடுச்சு, வைக்கிறேன்" என்றேன்.